செவலை ஏன் வாலாட்டியது

சூளகிரி தொழிற்பேட்டையில் கார் பிரேக்குக்கு உதிரிபாகம் செய்கிற தொழிற்சாலை அது. புதன்கிழமை காலை டீ இடைவேளை முடிகிற நேரத்தில் அஜித்குமாரை நாய் கடித்தது.

ரோட்டில் போகிற ஏதோ ஒரு நாய் கடித்திருந்தால் இவ்வளவு பேச்சு எழுந்திருக்காது. கடித்தது செவலை. தமிழ்க்காரர்களுக்கு அது செவலை, கன்னடக்காரர்களுக்குக் கெம்பா, பீகாரிலிருந்து வந்து தங்கி வேலை செய்கிறவர்களுக்கு மோத்தி. எந்தப் பேரில் கூப்பிட்டாலும் ஓடி வரும். நாலு வருஷமாகத் தொழிற்சாலை வளாகத்துக்குள்ளேயே கிடக்கிற நாய். அதிலும் அஜித்குமார் என்றால் அதற்கு உயிர். சாமல்பட்டியிலிருந்து வந்து ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன் அவன். எட்டு மாதமாகத் தன் சப்பாத்தியில் ஒன்றைப் பாதியாகக் கிழித்து அதற்குப் போட்டுவிட்டுத்தான் மீதியைச் சாப்பிடுவான்.

மெயின் கேட்டில் காவலுக்கு நின்ற மாதேஸ்வரி, வலது மணிக்கட்டை இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு அவன் ஓடி வருவதைப் பார்த்தாள். விரலிடுக்கில் ரத்தம் வழிந்தது.

"அக்கா, செவலை கடிச்சுடுச்சுக்கா!"

அவள் பதறவில்லை. கேட்டைப் பார்த்துக்கொள்ளும்படி இன்னொரு காவலாளியிடம் சொல்லிவிட்டு, அவன் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போய்க் குழாயடியில் நிறுத்தினாள். குழாயை முழுசாகத் திறந்து, சோப்புக் கட்டியை எடுத்துக் கடிவாயில் வைத்துத் தேய்த்தாள்.

"எரியுதுக்கா!"

"எரியட்டும். கடிகாரத்தைப் பாத்துக்க. பதினஞ்சு நிமிஷம் ஆகறவரைக்கும் கையை எடுக்கக் கூடாது."

அதற்குள் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். ஒருவர் காபித்தூள் வைக்கச் சொன்னார், இன்னொருவர் மிளகாய்த்தூள் என்றார். "மருந்து வைக்கிறதை ஆஸ்பத்திரியில பாத்துக்குவாங்க. நீங்க போய் வேலையைப் பாருங்கண்ணா" என்று மாதேஸ்வரி அவர்களை விரட்டினாள்.

தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அஜித்குமாருக்குக் கண் கலங்கியிருந்தது, ஆனால் அது வலியால் அல்ல என்று அவளுக்குத் தெரிந்தது.

"வாலாட்டுச்சுக்கா. என் கண்ணால பாத்தேன். ஸ்கிராப் போடற இடத்துல படுத்திருந்துச்சு. கூப்பிட்டேன், வாலை ஆட்டுச்சு. தடவிக் குடுக்கலாம்னு குனிஞ்சேன், லபக்குன்னு புடிச்சிடுச்சு. எட்டு மாசமாச் சோறு போட்டவன்க்கா நானு."

"வால் எங்க இருந்துச்சு?"

"வால் எங்க இருக்கும்? பின்னாடிதான் இருக்கும்."

"அது தெரியுது. மேல தூக்கி இருந்துச்சா, கீழ தொங்கி இருந்துச்சா?"

அவன் யோசித்தான். "ஆட்டுச்சு. அதுதான் தெரியும்."

கம்பெனி வண்டியில் அவனை ஆஸ்பத்திரிக்கு அனுப்பும்போது அவள் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தாள்: கடித்த நேரம், சோப்புப் போட்டுக் கழுவியது, போன நவம்பரில் நாய்க்கு வெறிநாய்த் தடுப்பூசி போட்ட தேதி. "நாய்க்கு ஊசி போட்டிருக்குன்னு சொல்லி நீ போடாம வந்துடாத. எத்தனை ஊசி சொல்றாங்களோ அத்தனையும் போட்டுக்கணும்" என்றாள்.

இந்த விவரமெல்லாம் அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று பலரும் ஆச்சரியப்படுவார்கள். ஜவளகிரியில் கூலி வேலை செய்து பிழைத்த குடும்பம் அவளுடையது. கல்யாணமாகி ஓசூருக்கு வந்ததும் கிடைத்த முதல் வேலை, பாகலூர் ரோட்டில் ஒரு நாய் விடுதியில். பெங்களூர்க்காரர்கள் வெளியூர் போகும்போது தங்கள் நாய்களை அங்கே விட்டுவிட்டுப் போவார்கள். ஒரே சமயத்தில் முப்பது நாய் இருக்கும். கூண்டு கழுவுவதும் சோறு வைப்பதுமாக ஐந்து வருஷம் ஓடியது. முதல் வாரத்திலேயே, வாலை வேகமாக ஆட்டிக்கொண்டிருந்த ஒரு பெரிய நாய் அவள் முழங்கையைக் கவ்வியது. அழுது முடித்த பிறகு அவளுக்கு ஒன்று புரிந்தது: நாயின் வாலை நன்றாகப் பார்க்காமல் இந்த வேலையில் ஒரு மாசம்கூடத் தாக்குப்பிடிக்க முடியாது.

அன்றிலிருந்து பார்த்தாள். நட்பாக வருகிற நாயின் வால் அகலமாக, தளர்வாக ஆடும். இடுப்பும் கூடவே ஆடும். சண்டைக்கு நிற்கிற நாயும் வாலாட்டும், ஆனால் அது கம்பு மாதிரி விறைத்து மேலே நிற்கும், நுனி மட்டும் துடிக்கும். பயந்த நாயும் ஆட்டும். வயிற்றை ஒட்டித் தாழ்ந்த வாலில் நுனி மட்டும் படபடவென்று அடித்துக்கொள்ளும். அழகுக்காக வாலை வெட்டிவிட்ட டாபர்மேன் நாய்கள் இரண்டு அடிக்கடி அங்கே வரும். மற்ற நாய்களோடு அதிகம் சண்டை வந்தது அவற்றுக்குத்தான். அவை என்ன சொல்கின்றன என்று மற்ற நாய்களுக்கு விளங்கவில்லை என்பது அவள் எண்ணம்.

பதினொரு மணிக்கு மனிதவள மேலாளர் ராஜ்குமார் கேட்டுக்கு வந்தார். கெட்டவர் அல்ல, அவசரக்காரர். நாளைக்கு வாடிக்கையாளர் கம்பெனியிலிருந்து தணிக்கைக்கு ஆட்கள் வருகிறார்கள். அந்த நேரத்தில் நாய்க்கடி.

"மாதேஸ்வரி, ரெண்டு மணிக்கு நாய் புடிக்கிற வண்டி வரும். உள்ள விட்டுடு."

"புடிச்சு என்ன செய்வாங்க சார்?"

"தளி தாண்டிக் காட்டோரமா விட்டுடுவாங்க."

"அது எங்க ஊர்ப்பக்கம் சார். இப்படிக் கொண்டாந்து விடற நாயை ஒரு வாரத்துல சிறுத்தை தூக்கிட்டுப் போயிடும். அதுவும் இல்லாம, ஒரு இடத்து நாயைப் புடிச்சு இன்னொரு இடத்துல விடக்கூடாதுன்னு சட்டமே இருக்குங்க சார்."

"வாலாட்டிக்கிட்டே கடிக்கிற நாயை எப்படிம்மா நம்பறது? குரைச்சுட்டுக் கடிச்சாலாவது ஆள் ஒதுங்கிக்குவான். இது சிரிச்சுக்கிட்டே கத்தியைச் செருகுற மாதிரி இல்ல?"

மாதேஸ்வரி குரலை உயர்த்தவில்லை, ஆனால் நகரவும் இல்லை. "சார், கடிச்ச நாயைப் பத்து நாள் கண்ணு முன்னாடி வெச்சுப் பாக்கணும். காட்டுல விட்டுட்டோம்னா அதுக்கு நோய் இருந்துச்சா இல்லையான்னு யாரைக் கேக்கறது? அஜித்தோட வீட்டுக்கு என்ன பதில் சொல்றது?"

ராஜ்குமார் வாய் திறக்கும் முன், பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "அவங்க சொல்றது சரி சார்."

பாதுகாப்பு அதிகாரி பிரியதர்ஷினி. கையில் விபத்து அறிக்கைப் படிவத்தோடு நின்றாள். அந்தத் தொழிற்சாலையில் ஒரு ஆணி குத்தினாலும் 'ஒய்-ஒய்' போட வேண்டும். ஏன் நடந்தது, அது ஏன், அதுவும் ஏன் என்று அடிவரைக்கும் கேட்டுக்கொண்டே போய்க் காரணத்தைப் பிடிக்கிற முறை அது.

"நாய் கடிச்சதுன்னு மட்டும் எழுதினா நாளைக்குத் தணிக்கைல ஏன்னு கேப்பாங்க. எனக்குப் பதில் வேணும். கேமரால பாக்கலாம். மாதேஸ்வரி, நீங்களும் வாங்க."

"ரெண்டு மணி வரைக்கும் பாருங்க" என்று சொல்லிவிட்டு ராஜ்குமார் போனார்.

கேமரா அறையில் இரண்டு பேரும் திரைக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். ஸ்கிராப் கொட்டுகிற முற்றம் தெரிந்தது. செவலை ஒரு மரப்பலகை அடுக்கின் ஓரமாகப் படுத்திருந்தது. அஜித்குமார் சிரித்தபடி வந்தான். நாய் எழுந்தது. வால் ஆடியது.

"பாருங்க, ஆட்டுதே" என்றாள் பிரியதர்ஷினி. "அவர் சொன்னது உண்மைதான்."

"நிறுத்துங்க மேடம். வாலோட அடியைப் பாருங்க. பின்னங்காலுக்கு நடுவுல சொருகிக்கிச்சு. நுனி மட்டும்தான் அடிக்குது. இப்ப இன்னிக்குக் காலைல ஷிஃப்ட் பஸ் வந்தப்ப கேட்ல நின்னதைப் போடுங்க."

காலை ஐந்தே முக்கால். பஸ்ஸிலிருந்து ஆட்கள் இறங்கினார்கள். செவலை தள்ளி, சுவரோரமாக நின்றுகொண்டிருந்தது. யாரிடமும் போகவில்லை. வால் தாழ்ந்தே இருந்தது.

"போன வாரத்துல ஒரு நாள் போடுங்க."

போன வாரம் அதே நேரம், அதே பஸ். செவலை கூட்டத்துக்குள் புகுந்து ஒவ்வொருவர் காலையும் மோந்து பார்த்தது. வால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வீசி அடிக்க, இடுப்பே வளைந்து வளைந்து ஆடியது. பிரியதர்ஷினி தன்னையறியாமல் சிரித்தாள்.

"இதுக்கும் அதுக்கும் எவ்வளவு வித்தியாசம்! ரெண்டையும் வாலாட்டுதுன்னுதான சொல்றோம்?"

"நாம அப்படித்தான் சொல்றோம் மேடம். அதுக்கு ரெண்டும் வேற வேற பேச்சு. மனசு பொங்கினா வால் ஆடும். சந்தோஷத்துலயும் பொங்கும், கோவத்துலயும் பொங்கும், பயத்துலயும் பொங்கும். நீங்க வாங்கன்னும் வால்தான் சொல்லும், என்னைத் தொடாதீங்கன்னும் வால்தான் சொல்லும். செவலை இன்னிக்கு அஜித்துகிட்ட, 'உன்னை எனக்குப் புடிக்கும், ஆனா இப்பக் கிட்ட வராத'ன்னு சொல்லியிருக்கு. அவன் முதல் பாதியை மட்டும் கேட்டிருக்கான்."

பிரியதர்ஷினி செல்போனில் எதையோ தேடினாள். "பிடிச்சவங்களைப் பாத்தா வால் வலது பக்கமா அதிகம் ஆடும், பயந்தா இடது பக்கமான்னு ஆராய்ச்சி பண்ணியிருக்காங்களாம்."

"அந்த அளவுக்கு எனக்குப் பாக்கத் தெரியாது மேடம். உசரமும் விறைப்பும்தான் எனக்குத் தெரியும். கடிக்கிற இடத்தை மெதுவா ஓட்டுங்க."

மெதுவாக ஓட்டினாள். அஜித்குமாரின் கை நாயின் தலைக்கு மேல் போனது. நாய் முகத்தைத் திருப்பிக்கொண்டது, நாக்கால் மூக்கை நக்கியது. ஆனால் கடிக்கவில்லை. கை கழுத்துக்கு இறங்கி ரோமத்தைப் பற்றிய அந்த நொடியில்தான் திரும்பிக் கவ்வியது. கவ்விய வேகத்திலேயே விட்டுவிட்டுப் பலகை அடுக்குக்குள் ஓடி ஒளிந்தது.

மாதேஸ்வரி திரையில் விரலை வைத்தாள். "தலையில கை வெச்சதைப் பொறுத்துக்கிச்சு. கழுத்துல வெச்சதைப் பொறுக்கல. கழுத்துல ஏதோ இருக்கு மேடம்."

பிறகு விரலை எடுத்துவிட்டு நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"என்னாச்சு?"

"திங்கக்கிழமையே கேட்ல நின்னு பாத்தேன். வாலைத் தொங்கப் போட்டுக்கிட்டு வந்துச்சு. மழையில நனைஞ்சதுனாலன்னு நெனச்சு விட்டுட்டேன். கிட்டக் கூப்பிட்டுப் பாத்திருந்தா அஜித்துக்கு இன்னிக்குக் கடி விழுந்திருக்காது. இதையும் எழுதிக்கங்க மேடம், காவலாளி பாத்தும் கவனிக்கலைன்னு."

பிரியதர்ஷினி அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, எழுதிக்கொண்டாள்.

அரசு கால்நடை மருந்தகத்து டாக்டர் ரேவதிக்குப் போன் செய்தார்கள். வந்துவிடுவதாகச் சொன்னார். ஆனால் அவர் வரும் முன்னே நாய் பிடிக்கிற வண்டி வந்துவிட்டது. இரண்டு மணிக்கு வர வேண்டியது ஒன்றரைக்கே வந்து நின்றது. இன்னொரு காவலாளி அதை உள்ளே விட்டுவிட்டார் என்று தெரிந்ததும் மாதேஸ்வரி ஸ்கிராப் முற்றத்துக்கு ஓடினாள்.

வண்டிக்காரர் நீளக் கம்பியோடு பலகை அடுக்கை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார். கம்பியின் நுனியில் சுருக்கு வளையம். கழுத்தில் மாட்டி இழுப்பதற்கு. பக்கத்தில் ராஜ்குமார் நின்றார். அடுக்குக்குள்ளிருந்து மெல்லிய உறுமல் கேட்டது.

மாதேஸ்வரி நேராகப் போய் அவருக்கும் அடுக்குக்கும் நடுவில் நின்றாள்.

"அண்ணா, கம்பியைக் கீழ வைங்க. இந்தச் சுருக்கு அதோட கழுத்துல விழுந்தா உங்க கையையும் விடாது. அதுக்குக் கழுத்துலதான் காயம்."

"நகரும்மா. எத்தனை நாய் புடிச்சிருக்கேன்."

"எத்தனையோ புடிச்சிருப்பீங்க. இதைப் புடிக்க வேணாம். ராஜ்குமார் சார், அரை மணி நேரம் குடுங்க. காயம் இல்லைன்னா நானே புடிச்சு வண்டியில ஏத்தறேன். இருந்துச்சுன்னா வண்டி காலியாத் திரும்பிப் போகணும்."

அவள் அதைச் சொன்ன விதத்தில் கெஞ்சலே இல்லை. ராஜ்குமார் அவளைப் பார்த்தார், ஓடி வந்து மூச்சு வாங்கிக்கொண்டு நின்ற பிரியதர்ஷினியைப் பார்த்தார். "அரை மணி நேரம்" என்றார். வண்டிக்காரரைத் தள்ளி நிற்கச் சொன்னார்.

மாதேஸ்வரி பலகை அடுக்கிலிருந்து பத்தடி தள்ளித் தரையில் உட்கார்ந்தாள். நாய்க்கு முகத்தைக் காட்டவில்லை, பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்தாள். கையை மடியில் வைத்துக்கொண்டாள். கூப்பிடவும் இல்லை.

ஐந்து நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு பலகைகளுக்கு நடுவில் ஒரு மூக்கு தெரிந்தது. செவலை வெளியே வந்தது, நின்றது, மறுபடி உள்ளே போனது. மறுபடி வந்தது. வால் இன்னும் தாழ்ந்துதான் இருந்தது. மாதேஸ்வரி கொட்டாவி விட்டாள். உண்மையான கொட்டாவி அல்ல. பயந்த நாய்க்கு முன்னால் இப்படிச் செய்தால் அது கொஞ்சம் இளகும் என்று விடுதியில் கண்டிருந்தாள். செவலை இரண்டடி முன்னால் வைத்தது. வால் இடுக்கிலிருந்து விடுபட்டுப் பின்னால் நீண்டது.

"இப்பப் பாருங்க மேடம்" என்றாள் உதடு மட்டும் அசைய.

அது அவள் முழங்காலருகே வந்து படுத்து, தாடையைத் தரையில் வைத்தது. அவள் முதலில் தோளைத் தொட்டாள், முதுகைத் தொட்டாள். கழுத்துப் பக்கம் கையே கொண்டுபோகவில்லை. டாக்டர் ரேவதி வந்தபோது மாதேஸ்வரி கட்டுத்துணியை வளையமாகச் சுற்றி அதன் வாயைக் கட்டியிருந்தாள். நாய் அதற்கு இடம் கொடுத்திருந்தது.

மயக்க ஊசி போட்டு, ரோமத்தை விலக்கிப் பார்த்த டாக்டர் பல்லைக் கடித்துக்கொண்டார். கழுத்தைச் சுற்றி ஒரு பச்சை நிறப் பிளாஸ்டிக் பட்டை. பெட்டிகளை இறுக்கிக் கட்டுகிற பட்டை. சதைக்குள் பதிந்து, ரோமம் மூடி, வெளியே தெரியாமல் கிடந்தது. ஓரமெல்லாம் சீழ் கோத்திருந்தது.

"மூணு நாலு நாளாச்சும் இருக்கும்" என்றார் டாக்டர். "இதோட இத்தனை நாள்ல ஒருத்தரை மட்டும் கடிச்சதே பெரிசு. இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா மூச்சுக்குழாயைத் தொட்டிருக்கும்."

பட்டையை வெட்டி எடுத்துத் தட்டில் போட்டார். ராஜ்குமார் குனிந்து பார்த்தார். அந்தப் பட்டையை அவர் தினமும் பார்க்கிறவர். அந்தத் தொழிற்சாலையிலிருந்து போகிற ஒவ்வொரு பெட்டியிலும் அதுதான் இருந்தது.

"இது நம்ம பட்டை" என்றார் மெதுவாக.

"ஆமா சார்" என்றாள் பிரியதர்ஷினி. படிவத்தைத் தொடை மேல் வைத்து எழுத ஆரம்பித்திருந்தாள். "ஏன் கடிச்சது? கழுத்துல கை பட்டது. ஏன் வலிச்சது? பட்டை இறுகியிருந்தது. பட்டை எப்படி வந்துச்சு? கிழிஞ்ச பெட்டிங்களை இங்க கொட்டும்போது பட்டையை வெட்டாம வளையமாவே தூக்கி எறியறோம். இது சோறு தேடித் தலையை விட்டிருக்கு, உருவப் பாக்கறப்ப முறுக்கி இறுகியிருக்கு. ஏன் வெட்டாம எறியறோம்? வெட்டணும்னு யாரும் சொல்லல, வெட்டறதுக்கு இங்க கத்தரியும் இல்ல."

வண்டிக்காரர் கம்பியை எடுத்துக்கொண்டு போய் வண்டியில் போட்டார். "நல்லவேளை குறுக்க வந்தம்மா. நான் சுருக்குப் போட்டிருந்தா தோலோட வந்திருக்கும்" என்று மாதேஸ்வரியிடம் சொல்லிவிட்டுப் போனார்.

நாலு மணிக்கு அஜித்குமார் கையில் கட்டோடு ஆஸ்பத்திரியிலிருந்து நேராகக் கேட்டுக்கு வந்தான். மாதேஸ்வரி அவனைக் காவலர் அறைக்குப் பின்னால் கூட்டிப்போனாள். கழுத்தில் கட்டோடு செவலை சாக்கில் மயங்கிக் கிடந்தது. பக்கத்தில் ஒரு தாளில் அந்தப் பச்சைப் பட்டை. அவன் அதை எடுத்து, வெட்டிய நுனிகளைச் சேர்த்துப் பிடித்தான். எவ்வளவு சின்ன வளையம் என்று பார்த்தான்.

"அப்ப என் மேல கோவம் இல்லையாக்கா அதுக்கு?"

"உன் மேல கோவம் இருந்திருந்தா வால் விறைச்சு மேல நின்னிருக்கும். வலியில செத்துக்கிட்டு இருக்கும்போதும் உன்னைப் பாத்து எழுந்து நின்னுச்சு. வேற யாரைப் பாத்தும் அது வாலாட்டல, கேமரால பாத்தேன்."

அஜித்குமார் முகத்தைத் திருப்பிக்கொண்டான். காலையிலிருந்து அடக்கி வைத்திருந்தது அப்போதுதான் வெளியே வந்தது. அவள் கேட்டுக்குப் போய்விட்டாள். கொஞ்ச நேரம் தனியாக இருக்கட்டும்.

மறுநாள் தணிக்கைக்கு வந்தவர்கள் அந்த அறிக்கையை இரண்டு தடவை படித்தார்கள். நாயைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பட்டை வெட்டுகிற கத்தரி எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்டார்கள். ராஜ்குமார் அவர்களை ஸ்கிராப் முற்றத்துக்குக் கூட்டிப்போய்க் காட்டினார். காலையில்தான் சங்கிலி போட்டு மாட்டியிருந்தார்கள், இரண்டு கத்தரி. அடுத்த வாரமே பாதுகாப்புக் குழுவில் மாதேஸ்வரியின் பெயரைச் சேர்த்தார். காவல் பணியாளர் ஒருவர் அந்தக் குழுவில் உட்காருவது அதுதான் முதல் தடவை. முதல் கூட்டத்திலேயே அவள் கேன்டீன் பின்வாசல் வடிகால் மூடியைப் பற்றிப் பேசி, அதை மாற்ற வைத்தாள்.

பத்து நாள் கழிந்தது. செவலைக்கு நோய் ஒன்றும் இல்லை. அஜித்குமார் சொன்ன தேதியில் தவறாமல் ஊசி போட்டுக்கொண்டான். ஆனால் கழுத்துக் காயம் ஆறிய பிறகும் நாய் அவன் கையைக் கண்டால் இரண்டடி பின்னால் போனது. அவன் போய்த் தொடவில்லை. சப்பாத்தியைப் போட்டுவிட்டு வேறு பக்கம் பார்த்து உட்கார்ந்துகொண்டான். அப்படி ஒரு மாதம் போனது.

ஒரு காலை டீ நேரத்தில், கேன்டீன் வாசல் படியில் அவன் உட்கார்ந்திருந்தபோது, செவலை வந்து அவன் பாதுகாப்பு ஷூவின் மேல் தலையை வைத்துப் படுத்தது. வாலை ஆட்டவில்லை. கண்ணை மூடித் தூங்கிப்போனது. டீ இடைவேளை முடிந்து மணி அடித்தது. அஜித்குமார் எழுந்திருக்காமல் மேஸ்திரியைப் பார்த்து, ரெண்டு நிமிஷம் என்று கடித்தழும்பு இருந்த கையால் சைகை காட்டினான்.